பிழை பிடிக்கும் வியாதி

மனிதருக்கு வரும் வியாதிகளில் சிலவற்றுக்கு வைத்தியம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. பிறர் பேசும் ஆங்கிலத்தில் பிழை பிடிக்கும் வியாதி இரண்டாவது ரகம். காய்ச்சல் வந்தால் வந்தவன்தான் அவஸ்தைப்படுவான். இந்த வியாதியிலோ, வந்தவர் சௌக்கியமாக இருக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் அவஸ்தைப்படுகிறார்!

தேனியிலிருந்து கம்பத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். வழியில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்துவிட்டால் கண்ணுக்கு விருந்துதான். வாழை, தென்னை, நெல் வயல், திராட்சைப் பந்தல். அதற்கும் அப்பால் மேகம் கவிந்த மலைத் தொடர். ஆனால் இந்த வியாதிக்காரர் கண்ணில் இவை எதுவும் படுவதில்லை. கடைகளின் பெயர்ப் பலகைகள் மட்டுமே படுகின்றன. 'டிபன்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'ஐ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஈ' இருக்கிறது. உரக்கடைப் பலகையில் ஒருமை இருக்க வேண்டிய இடத்தில் பன்மை. ஒர்க்‌ஷாப் வாசலில் ஓர் எழுத்தைக் காணோம். கம்பம் போய்ச் சேருவதற்குள் பத்துப் பிழை பிடித்துவிட்டார். பத்து மீன் பிடித்தவன் முகத்தில்கூட அத்தனை ஆனந்தம் இராது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 'டிபன்' என்ற சொல்லே இந்தியாவில் வாழ்ந்த வெள்ளைக்காரர்கள் இங்கே புழங்கவிட்ட சொல் என்பதும், இங்கிலாந்தில் இன்று அதைத் தேடினாலும் கிடைப்பது அரிது என்பதும், இட்டிலி தோசைக் கடைகளின் தயவில்தான் அது உயிர் வாழ்கிறது என்பதும் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். சொல்லைச் சோறு போட்டு வளர்த்தவனுக்கு அதன் எழுத்தில் ஒன்றை மாற்றிப் போட உரிமை இல்லையா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

இந்த விஷயத்தைச் சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் பஸ்ஸுக்குள் நடப்பது வகுப்பறையிலும், நேர்முகத் தேர்விலும், பெண் பார்க்கும் கூடத்திலும் நடக்கிறபோது சிரிப்பு வருவதில்லை. ஒரு வார்த்தை தப்பாக வந்ததற்காகப் பத்துப் பேர் முன்னால் சிரிக்கப்பட்ட பிள்ளை, அப்புறம் பதினோராவது பேர் முன்னால் வாயே திறப்பதில்லை. அந்த மௌனத்தின் விலை என்ன என்பதுதான் கேள்வி.

முதல் பிழை யாருடையது?

கம்பம் பள்ளத்தாக்கில் ஆங்கிலப் பிழை கண்டுபிடிக்கப் புறப்படுகிறவர்கள் கடைப் பலகையோடு நின்றுவிடக் கூடாது. ஊர்ப் பலகையையும் பார்க்க வேண்டும்.

'கம்பம்' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறார்கள்? 'கே' என்ற எழுத்தில் தொடங்கி, 'ஏ' போட்டு எழுதினால் சின்னப் பிள்ளைகூடச் சரியாகப் படித்துவிடும். ஆனால் சர்க்கார் ஏடுகளில் அது 'சி' என்ற எழுத்தில் தொடங்குகிறது. 'ஏ' இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் 'யூ' உட்கார்ந்திருக்கிறது. ஊர் பேர் தெரியாத ஒருவர் அதைப் படித்தால் 'கும்பும்' என்பார். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் தம் காதுக்கு எட்டியதைத் தம் நாட்டு வழக்கப்படி எழுதி வைத்தார். அதுவே நகராட்சிக்கும் சட்டமன்றத் தொகுதிக்கும் ஆங்கிலப் பெயராக நிலைத்தது. ஆந்திரத்தில் இதே எழுத்துக்கூட்டலோடு இன்னோர் ஊரும் உண்டு.

மேகமலைப் பக்கம் போனால் இன்னும் வேடிக்கை. அலை அலையாக உயர்ந்திருக்கும் அந்த மலைகளுக்கு ஆங்கிலேயர் 'ஹை வேவி' மலைகள் என்று பெயர் வைத்தார்கள். 'உயர்ந்த, அலை போன்ற' என்று பொருள். அது நாளடைவில் 'ஹைவேவிஸ்' ஆயிற்று. இன்று தேனி மாவட்டத்துப் பேரூராட்சிகளில் ஒன்றின் பெயர் அதுதான். பள்ளிக்கூடத்து இலக்கணப்படி பார்த்தால், பண்பைக் குறிக்கும் சொல்லுக்குப் பன்மையே கிடையாது. பெயர்ச்சொல் என்று வைத்துக்கொண்டாலும், 'ஒய்' என்ற எழுத்தில் முடிவதைப் பன்மையாக்கும்போது அதை எடுத்துவிட்டு 'ஐ, ஈ, எஸ்' போட வேண்டும் என்பது மூன்றாம் வகுப்புப் பாடம். இரண்டு விதியையும் மீறி ஒரு பேரூராட்சியே கம்பீரமாக நிற்கிறது. அதன் மேல் யாராவது சிவப்பு மசியால் கோடு போட்டதுண்டா? இல்லை. போடவும் வேண்டியதில்லை. மலை அங்கேயே இருக்கிறது, தேயிலை விளைகிறது, பெயரைச் சொன்னால் பஸ் போகிறது. பெயருக்கு வேறென்ன வேலை?

இப்படிப்பட்ட பழைய எழுத்துக்கூட்டல்களையெல்லாம் ஒரே வீச்சில் திருத்தப் பார்த்த கதையும் உண்டு. 2020-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டில் 1018 ஊர்களின் பெயர்களைத் தமிழில் ஒலிக்கிறபடியே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்ற அரசாணை வெளியாயிற்று. நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் கிடைத்த புதிய எழுத்துக்கூட்டலைப் பார்த்து அந்த ஊர்க்காரர்களே திகைத்தார்கள். வேலூர் 'வீலூர்' என்று படிக்கும்படி ஆகிவிட்டது! ஆட்சேபம் கிளம்பியது. அதே மாதத்திலேயே அரசாணை வாபஸ் ஆயிற்று. பிழையைத் திருத்துவது பிழை செய்வதைவிடக் கஷ்டமான காரியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. கட்டுமரத்தையும் மாங்காயையும் மிளகுத்தண்ணீரையும் சுருட்டையும் ஆங்கிலேயர் தம் நாக்குக்கு ஏற்றபடி திரித்து, தம் அகராதியில் சேர்த்துக்கொண்டார்கள். 'கேட்டமரான்' என்றும் 'மல்லிகடானி' என்றும் அவர்கள் சொன்னபோது நம்மவர் யாரும் சிரிக்கவில்லை. உச்சரிப்பைத் திருத்தவும் துணியவில்லை. பெரிய இடத்தில் பிறந்த பிழை 'வழக்கு' ஆகிவிடுகிறது. சின்ன இடத்தில் பிறந்த பிழை பிழையாகவே நின்றுவிடுகிறது. வெள்ளைக்கார அதிகாரி ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதினால் அது சர்க்கார் எழுத்துக்கூட்டல். அதே ஊர்ப் பிள்ளை ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதினால் பூஜ்யம்.

ஏலக்காய் கற்றுத் தரும் பாடம்

சொற்களின் பொருள் விஷயத்திலும் இந்த வியாதிக்காரர்கள் அடிக்கடி சறுக்கிவிடுகிறார்கள்.

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் அங்கேயும் கேரளத்துப் புத்தடியிலும் நடக்கிறது. காயின் பருமனை மில்லிமீட்டர் கணக்கில் சலித்துப் பிரிக்கிறார்கள். திரண்டு பருத்த காய்க்கு அங்கே வழங்கும் பெயர் 'போல்டு'. அதையும்விடப் பெரியது 'எக்ஸ்ட்ரா போல்டு'. கல்லூரி ஆங்கிலம் படித்த ஒருவர் இதைக் கேட்டால், "போல்டு என்றால் துணிச்சல் அல்லவா? ஏலக்காய்க்கு ஏது துணிச்சல்?" என்று சிரிக்கக்கூடும். அவர் சிரிப்பது வியாபாரியைப் பார்த்து. உண்மையில் சிரிப்புக்கு உரியவர் அவர்தான். தர நிர்ணய ஏட்டிலேயே 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' என்று இருக்கிறது. அச்சுக்கூடத்தில் தடித்த எழுத்துக்கும் அதே பெயர்தான். ஊரின் பெயர் ஆலப்புழை என்று திரும்பிய பிறகும் தரத்தின் பெயரில் பழைய 'ஆலப்பி' அப்படியே இருக்கிறது. அதைக் கொண்டு விலை பேசிப் பணம் கைமாறுகிறது.

தொழில்காரன் வாயில் வரும் சொல்லைத் திருத்துவதற்கு முன்னால் அந்தத் தொழிலில் அது என்ன பொருளில் வழங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். அகராதியில் நாலு பொருள் இருக்கும். படித்தவருக்கு அதில் ஒன்று தெரிந்திருக்கும். மற்ற மூன்றும் சந்தையில் இருக்கும்.

சட்டை ஆங்கிலம், உடம்பு தமிழ்

தமிழர் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகள் பெரும்பாலும் முட்டாள்தனத்தால் வருவன அல்ல. அவற்றுக்கு ஒழுங்கான காரணம் இருக்கிறது.

தமிழில் 'அதைப் பற்றிப் பேசினோம்' என்கிறோம். அந்தப் 'பற்றி'யை விடாமல் ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனால் 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபவுட்' வந்து ஒட்டிக்கொள்கிறது. இலக்கணப் புத்தகம் அதைக் கூடாது என்கிறது. தமிழில் 'நேற்றுத்தான் வந்தார்' என்பதில் 'தான்' பின்னால் வருகிறது. அதனால் 'எஸ்டர்டே ஒன்லி' என்று வாய் தானாகச் சொல்கிறது. 'சின்னச் சின்ன' என்று அடுக்கிச் சொல்லிப் பழகியவன் ஆங்கிலத்திலும் 'ஸ்மால் ஸ்மால்' என்கிறான். 'ஏ, ஆன், தி' என்ற மூன்று சின்னச் சொற்கள் தமிழில் கிடையவே கிடையாது. இல்லாத சாமான்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் ஓரிடத்தில் விட்டுவிடுகிறான். இன்னோரிடத்தில் இரண்டாகப் போட்டுவிடுகிறான். வினைச்சொல்லைத் தமிழ் கடைசியில் வைக்கும். ஆங்கிலம் நடுவில் வைக்கும். வேற்றுமை உருபு தமிழில் சொல்லுக்குப் பின்னால். ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் சொல் முன்னால்.

ஆக, பிழை செய்கிறவன் இலக்கணமே இல்லாமல் பேசவில்லை. ஓர் இலக்கணத்தை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதை இன்னொரு மொழியில் நடத்திப் பார்க்கிறான். அவன் போட்டிருக்கும் சட்டை ஆங்கிலம். உள்ளே இருக்கும் உடம்பு தமிழ். சட்டை அங்கங்கே பிடிக்கத்தான் செய்யும். தையற்காரர் அதைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அளவெடுத்துத் தளர்த்திக் கொடுக்கிறார். நல்ல உபாத்தியாயர் செய்வதும் அதுதான். 'இது தப்பு' என்பதோடு நிறுத்தாமல், 'தமிழில் இப்படி. அங்கே அப்படி' என்று எடுத்துச் சொல்கிறார். காரணம் தெரிந்த பிழையைப் பிள்ளை மறுபடி செய்வதில்லை. அடிக்குப் பயந்து விட்ட பிழை, அடிக்கிறவர் ஊருக்குப் போனதும் திரும்பி வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் பள்ளிக்கூடத்தில் கட்டாயம் காதில் விழும் மொழிகள். கூடலூரிலும் கோம்பையிலும் தேவாரத்திலும் தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோருடைய பிள்ளைகளுக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. கேட்டுப் பழகச் சந்தர்ப்பமும் குறைவு. பட்டணத்துப் பிள்ளை தாயின் மடியிலேயே கேட்ட சொல்லை இந்தப் பிள்ளை புத்தகத்திலிருந்து எழுத்தெழுத்தாக எடுக்க வேண்டியிருக்கிறது. எழுத்தைப் பார்த்துப் படித்தவன் உச்சரிப்பில் தவறத்தான் செய்வான். அந்தத் தவறு அவனுடைய உழைப்புக்குச் சாட்சி. அதைப் பார்த்துச் சிரிப்பது, நடந்தே மலை ஏறி வந்தவனின் காலில் இருக்கும் புழுதியைப் பார்த்துச் சிரிப்பது போன்றது.

இலக்கணத்துக்கே இரக்கம் உண்டு

இலக்கணம் என்றாலே தண்டனைச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ் இலக்கணம் அப்படி நினைக்கவில்லை. பிழை இல்லாமல் பேசுவது வழாநிலை. பிழைபடப் பேசுவது வழு. இந்த இரண்டோடு நிற்காமல் மூன்றாவதாக ஒன்றையும் நன்னூல் வகுத்தது. அதுதான் வழுவமைதி. அதாவது, கணக்குப் பார்த்தால் பிழைதான்; ஆனாலும் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது.

ஆசையாக வளர்த்த பசு வாசலுக்கு வரும்போது, 'என் அம்மா வந்துவிட்டாள்' என்கிறாள் வீட்டுக்காரி. மாட்டை மனிதராகச் சொன்னது வழு. ஆனால் சொல்ல வைத்தது சந்தோஷம். பெண் குழந்தையை 'வாடா, ராஜா' என்று கொஞ்சுகிறார் தகப்பனார். பால் மாறிப் போயிற்று, பாசம் மாறவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், எழுந்திருக்காமலே 'இதோ வந்துவிட்டேன்' என்கிறான் பையன். காலம் மாறிவிட்டது. விரைவைக் காட்டுவதற்காக அப்படிச் சொன்னான் என்று இலக்கணம் மன்னிக்கிறது. அம்மாதான் மன்னிப்பதில்லை!

ஆங்கிலத்தின் கதையோ இன்னும் தாராளமானது. பிரெஞ்சு மொழிக்கு 1635 முதல் ஒரு கழகம் இருந்து தீர்ப்புச் சொல்லி வருகிறது. ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு நீதிமன்றமே கிடையாது. தீவைக் குறிக்கும் 'ஐலண்டு' என்ற சொல்லில் ஒலிக்காமல் நிற்கும் 'எஸ்' எழுத்து எங்கிருந்து வந்தது? இலத்தீன் சொல்லோடு உறவு இருப்பதாகத் தப்பாக நினைத்துக்கொண்டு படித்த மேதாவிகள் நுழைத்தது அது. சமையற்காரர் கட்டிக்கொள்ளும் 'ஏப்ரன்' முதலில் 'நேப்ரன்'. முன்னால் வரும் 'ஏ' என்ற சொல்லோடு 'ந' ஒட்டிக்கொண்டு போய்விட்டதால் தலை போயிற்று. வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று பள்ளிக்கூடங்களில் படாதபாடு படுத்திய விதிக்கு மூலம், 17-ம் நூற்றாண்டில் டிரைடன் என்ற கவிஞர் தமக்கு முந்திய பென் ஜான்சனைக் குறை சொன்னதுதான் என்பார்கள். ஜான்சன் அப்போது உயிரோடு இல்லை. பதில் சொல்லவும் வழியில்லை. ஒருவர் இன்னொருவர் மீது பிடித்த பிழை, எத்தனையோ தலைமுறைகளுக்கு முதுகில் பிரம்படியாக இறங்கியது.

1930-களில் வெளிவந்த 'ரென் அண்டு மார்ட்டின்' இலக்கணப் புத்தகத்தை வேதம் போல் போற்றியவர்கள் நம் நாட்டில் ஏராளம். நல்ல புத்தகம்தான். ஆனால் அது வீட்டுக்கு அஸ்திவாரம் போடக் கொடுத்த கல். அடுத்தவர் தலையில் எறியக் கொடுத்ததல்ல.

பிழை எங்கே உயிருக்கு ஆபத்து?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் எழுதலாமா? ஆங்கிலம் தப்பாக இருந்தால் என்ன கெட்டுப் போகிறது?" என்று கேட்பவர்களும் உண்டு. இதுவும் ஒரு வியாதிதான், முந்தியதற்குத் தம்பி. தப்பாக எழுதுவதில் ஒரு பெருமை கொண்டாடுவது, முயற்சி செய்யாமல் இருப்பதற்குச் சொல்லும் சாக்கு.

ஒரு சொல் தவறினால் கெட்டுப் போகும் இடங்கள் உண்டு. கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களைவிட இது தெரிந்தவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது. அவர்கள் வயலுக்கு வரும் தண்ணீரே ஓர் ஆங்கிலப் பத்திரத்தின் வழியாகத்தான் வருகிறது! 1886-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்திய சர்க்காருக்கும் இடையே முல்லைப் பெரியாறு குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. குத்தகைக் காலம் 999 வருஷம். சுமார் 8000 ஏக்கர் நிலத்துக்கு ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் வருஷ வாடகை. 1970-ல் துணை ஒப்பந்தங்கள் ஏற்பட்டு வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று. அணையின் நீர்மட்டத்தைப் பற்றி வழக்கு நடந்து, 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-லும் மறுபடி 2014-லும் தீர்ப்புச் சொன்னது. இந்த நெடிய வழக்கில் இரண்டு மாநிலத்து வக்கீல்களும் அந்தப் பழைய ஆங்கில வாசகங்களை வார்த்தை வார்த்தையாக நிறுத்துப் பார்த்தார்கள். அங்கே ஒரு சொல் சரிந்தால் ஒரு பள்ளத்தாக்கு காயும். அப்படிப்பட்ட இடத்தில் பிழை பிடிக்கிறவரைக் கும்பிட வேண்டும்.

திராட்சைக்கும் ஏலத்துக்கும் மருந்து அடிக்கிறவர் டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் அளவைத் தப்பாகப் படித்துவிட்டால் பயிரும் போகும், ஆளுக்கும் ஆபத்து. பாங்கிக் கடன் பத்திரம், நிலத்தின் கிரயப் பத்திரம், ஆஸ்பத்திரிச் சீட்டு, வெளிநாட்டு வேலைக்கான ஒப்பந்தம் ஆகிய இவற்றிலெல்லாம் பிழை பிழைதான். 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்ய வேண்டும்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் வீட்டை இழந்திருக்கிறார்கள். இங்கே திருத்துகிறவர் உபகாரி.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். டீக்கடையில் 'டிஸ்கஸ் அபவுட்' என்றவனைத் துரத்தித் துரத்தித் திருத்துகிறவர்கள், எழுதப் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் பத்திரத்தைக் கொண்டு வந்து, "தம்பி, இதிலே என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றால், "நேரமில்லை" என்கிறார்கள். பிழை பிடிப்பது மொழியின் மேல் உள்ள அன்பினாலா, இல்லை தம்மைக் காட்டிக்கொள்ளும் ஆசையினாலா என்பதை அறிய இதைவிட நல்ல உரைகல் கிடைக்காது.

இன்னும் ஓர் உரைகல் உண்டு. அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழ்ப் பலகைகளையும் அவர்கள் படிக்கிறார்களா? 'முயற்சி'யில் வேண்டாத 'ச்' வந்து புகுந்திருக்கிறது. 'பொறுப்பு' சின்ன 'ரு'வோடு பொறுப்பில்லாமல் நிற்கிறது. 'சில்லறை' என்பதில் 'றை' கழன்று 'ரை' ஆகியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தவறினால் மானம் போகிறது. தமிழில் நாலு எழுத்து தவறினால் 'அர்த்தம் புரிகிறதல்லவா?' என்கிறார்கள். அர்த்தம் புரிந்தால் போதும் என்ற கருணையில் பாதியாவது ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்குக் கிடைக்கக் கூடாதா? அங்கே காட்டும் கண்டிப்பில் பாதியாவது தமிழுக்கு வேண்டாமா?

திருத்தத் தெரிந்தவர்கள்

பிழை பிடிப்பதற்கு மதுரைச் சீமை ஒரு மகாபுருஷரையே தந்திருக்கிறது. தருமி என்ற ஏழைப் புலவர் கொண்டு வந்த பாட்டில் நக்கீரர் குற்றம் கண்ட கதையை 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படம் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்தது. பிழை பிடிக்கிறவர்கள் எல்லாருக்கும் தாம் நக்கீரர் பரம்பரை என்று ஒரு நினைப்பு. ஆனால் நக்கீரர் பெயர் நிலைத்தது தருமியைத் திருத்தியதாலா? பாட்டை எழுதியவர் சிவபெருமான் என்று தெரிந்த பிறகும் சொன்ன சொல்லில் நின்றதால். அவர் பிழை சொன்னது மேலே பார்த்து. இன்றைய நக்கீரர்களோ கீழே பார்த்து மட்டுமே சொல்கிறார்கள். குமாஸ்தாவின் ஆங்கிலத்தில் பிழை. மேலதிகாரியின் ஆங்கிலத்தில் நடை! நெற்றிக்கண் வேண்டாம், மேலதிகாரி புருவத்தை உயர்த்தினாலே குற்றம் குணமாகிவிடுகிறது.

திருத்துவது எப்படி என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரண புருஷர் இருந்தார். வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார்தான் அவர். அவருடைய ஆங்கிலத்தை ஆங்கிலேயரே வியந்து 'வெள்ளி நாக்கு' என்று கொண்டாடினார்கள். காந்தியடிகள் குஜராத்தியில் எழுதிய சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதன் புதிய பதிப்பு 1940-ல் வந்தபோது, நடையைச் செப்பனிட்டுக் கொடுத்தவர் சாஸ்திரியார். தம் பெயரை வெளியிடக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. முன்னுரையில் 'மதிப்புக்குரிய நண்பர்' என்றுதான் இருக்கிறது, பெயர் இல்லை. காந்தியடிகளின் புத்தகத்தில் ஆங்கிலத்தைத் திருத்தியவர் என்ற பெருமையை வேறொருவர் அடைந்திருந்தால் தெருவெல்லாம் தமுக்கடித்திருப்பார். பிழை மறைந்தது, திருத்தியவரும் மறைந்துகொண்டார். திருத்தம் மட்டும் நின்றது.

இன்னொரு பக்கம், ஆங்கிலத்தில் தேறாதவர்களின் வரிசையையும் பார்க்கலாம். கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். ஆங்கிலத்தில் கேட்ட மதிப்பெண் அவரிடம் இல்லை. 1913-ல் அவர் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதத்தில் ஹார்டி தேடியது கணக்கை, இலக்கணத்தை அல்ல. ஐந்தே வருஷத்தில் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திய காமராஜர் ஒன்பது வருஷம் முதலமைச்சராக இருந்தார். அவர் காலத்தில் 1959-ல் திறந்த வைகை அணை, ஆண்டிபட்டிப் பக்கம் இன்றும் தண்ணீரைத் தேக்கித் தருகிறது. அவருடைய ஆங்கிலம் எப்படி என்று அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர் யாரும் கேட்பதில்லை.

ஆகவே திருத்துகிறவர் முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. இந்தப் பிழையால் இவருக்கு நஷ்டம் உண்டா? இவர் என்னிடம் திருத்தம் கேட்டாரா, அல்லது கேட்கும் ஸ்தானத்தில் இருக்கும் மாணவரா? இதை நாலு பேர் இல்லாத இடத்தில் சொல்ல முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் தாராளமாகச் சொல்லலாம், சொல்வது கடமையும்கூட. இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் வழியாகத் திராட்சைப் பந்தலைப் பார்க்கலாம். அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதிவேட்டில் அதன் ஆங்கில எழுத்துக்கூட்டல் 'த்ராட்சை' என்று படிக்கும்படிதான் இருக்கிறது. பழம் புளிக்கவில்லை!

பென்னிகுயிக்கா, பென்னிகுக்கா?

கடைசியாக ஒரு பெயர். 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த என்ஜினீயர் கர்னல் ஜான் பென்னிகுயிக். தேனியின் புதிய பஸ் நிலையத்துக்கு அவர் பெயர்தான். லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபம் திறந்தார்கள். அவர் பிறந்த ஜனவரி 15-ல் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். வீடுகளில் அவர் படம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயர் இருக்கிறது.

இந்தப் பெயரைப் பள்ளத்தாக்கில் பல விதமாகச் சொல்வார்கள். பென்னிகுயிக், பென்னிகுவிக், பென்னிக்குக்கு என்று ஆளுக்கு ஒன்று. ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. குடும்பப் பெயருக்கு மூலம் அந்த ஊர்தான். அங்கே உள்ளவர்கள் 'பெனிகுக்' என்றுதான் சொல்கிறார்கள். விவரம் தெரிந்த ஒருவர், பொங்கல் பானை முன்னால் நிற்கும் கிழவரிடம் போய், "தாத்தா, நீங்கள் சொல்வது தப்பு, குயிக் இல்லை, குக்" என்று திருத்தலாம். அது சரியான திருத்தமாகவும் இருக்கும். கிழவரும் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு, பானை பொங்குகிறதா என்று பார்ப்பார்.

அவர் பாட்டன் காலத்தில் தரிசாய்க் கிடந்த நிலத்தில் இன்று நெல் நிற்கிறது. அந்த நெல்லைப் புடைத்துத்தான் பொங்கல் வைத்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு முன் இறந்துபோன ஓர் அந்நியரின் பெயரை நாக்கில் வந்தபடி சொல்லிக் கும்பிடுகிறார். உச்சரிப்பு தவறியிருக்கலாம், நன்றி தவறவில்லை. அந்தக் கர்னலே எழுந்து வந்தாலும் அந்தப் பெயரைத் திருத்துவாரா என்பது சந்தேகம்தான்.